தாய்மாமனுக்கு விழுந்த மாலை

அத்தியாயம் 7

பென்டிரைவின் வாயோடு வாய் வைத்து மறுபடியும் ஊதினான் பத்ரி.

"அது என்ன புல்லாங்குழலா?" என்றாள் கோகிலவாணி.

"முதலுதவி அக்கா. பாதி பென்டிரைவ் ஊதினாலே சரியாயிடும்."

"மீதிப் பாதி?"

"பேன்ட்ல தேய்ச்சா சரியாயிடும்." தேய்த்தான். லேப்டாப்பில் செருகினான். ஒரு ஃபைலைச் சேமிக்கப் பார்த்தான். 'இதில் எழுத முடியாது' என்று திரை கறாராகச் சொன்னது. வேறு துளையில் செருகினான். கோகிலவாணியின் பழைய கம்ப்யூட்டரில் செருகினான். 'படிக்க மட்டும்' என்றிருந்த கட்டத்தில் டிக்கை எடுத்தான். அவன் கையை எடுத்ததும் அது திரும்பி வந்து உட்கார்ந்தது. கறுப்புத் திரையைத் திறந்து, இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்த கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்டினான். 'வெற்றி' என்றது கம்ப்யூட்டர். சேமித்துப் பார்த்தான். எழுத முடியாது.

பத்ரி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்தப் படிப்பை முடித்தது அவன்தானா, அவனை முடித்தது அந்தப் படிப்பா என்பதில் அவன் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி உண்டு.

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய துப்பறியும் ஆபீஸ். கீழே யாராவது மிக்ஸியை ஓட்டிப் பார்த்தால் மேலே வாக்குமூலம் பாதியில் நிற்கும். கோகிலவாணி முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். மேனேஜரின் மச்சான் போட்ட பொய் க்ளெய்மையும் கண்டுபிடித்துவிட்டதால் இப்போது சொந்தத் தொழில்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தீபாவுக்கு அழுவதற்குக்கூட நேரமில்லை என்பது போன்ற முகம்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. மிக்ஸி நின்னிருக்கு" என்றாள் கோகிலவாணி, ஆயுத பூஜையில் மிஞ்சி நமத்துப்போன பொரியை ஒரு பிடி வாயில் போட்டபடி.

"சானடோரியத்துல சிட்டிபாபு சாரோட ஃப்ளெக்ஸ் கடையில நான் டிசைனர் மேடம். அஸ்தினாபுரத்துல முனிரத்தினம்னு ஒருத்தர் வீட்டுல நாளைக்குக் காலைல பேத்திக்குக் காதுகுத்து. பேனர் நான்தான் பண்ணேன். மேல அங்காளம்மன், இடது பக்கம் குழந்தை, நட்டநடுவுல தாய்மாமன் தயாளன்."

"குழந்தைக்குக் காதுகுத்து, மாமா நடுவுலயா?" என்றான் பத்ரி.

"அவர்தான் அடம்பிடிச்சு நடுவுல போடச் சொன்னார் சார். நேத்து சாயங்காலம் பேனர் போய் இறங்கியிருக்கு. பிரிச்சுக் கட்டினா, மாமா போட்டோ மேல ரோஜா மாலை."

பத்ரி மென்றுகொண்டிருந்த பொரி நின்றது. "போட்டோவுக்கு மாலையா? அப்ப ஆள்..."

"உயிரோட இருக்கார் சார். அதுதான் பிரச்சினை. அவர் மடியில வச்சுத்தானே குழந்தைக்குக் காது குத்தணும்? எனக்கு மாலை போட்டது யாருன்னு தெரியாம மடியில உட்கார வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாராம். எல்லாரும் என்னைச் சொல்றாங்க."

"ஏன் உன்னை?"

தீபா தலையைக் குனிந்துகொண்டாள். "போட்டோவுல அவரை வெள்ளையாக்கச் சொன்னார். ஆக்கினேன். இன்னும்னார். ஆக்கினேன். இன்னும்னார். 'இதுக்கு மேல ஆக்கினா காணாமலே போயிடுவீங்க சார்'னு சொல்லிட்டேன். கடையே சிரிச்சிருச்சு. அந்தக் கோபத்துல 'உன்னை ஒரு கை பாக்கறேன்'னார்."

"அதுக்குப் பதிலா நீங்க ஒரு மாலை பார்த்துட்டீங்கன்றாங்க" என்றான் பத்ரி. கோகிலவாணியின் பார்வை பட்டதும் சேர்த்துக்கொண்டான்: "அவங்க சொல்றாங்க, நான் சொல்லல."

"பென்டிரைவுக்கு வா" என்றாள் கோகிலவாணி.

"கடை கம்ப்யூட்டர்ல இடமே இல்ல மேடம். எல்லா டிசைனும் நேரா இந்தக் கடை பென்டிரைவ்லதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடிச்சு சேவ் பண்ணிட்டுக் கிளம்பினேன். அப்ப மாலை இல்ல. புதன் ஆயுத பூஜை, வியாழன் விஜயதசமி. வெள்ளிக்கிழமை காலைல வண்டலூர் பிரிண்டிங் யூனிட்ல நான்தான் பென்டிரைவைக் கொடுத்தேன். க்யூ அதிகம், கொடுத்துட்டு வந்துட்டேன். அவங்க வேன்லயே பேனரைக் கொண்டுபோய் இறக்கிட்டாங்க. இப்ப திறந்து பார்த்தா, இதுல இருக்கற ஃபைல்லயே மாலை இருக்கு. திருத்தலாம்னா, படிக்க விடுது, எழுத விடமாட்டேங்குது. 'நீதான் வண்டலூர்ல மாலையைப் போட்டு, யாரும் எடுக்கக் கூடாதுன்னு லாக்கும் பண்ணிட்டே'ன்றார் ஓனர். திங்கக்கிழமையிலேர்ந்து வராதேன்னுட்டார். ஜி.எஸ்.டி. ரோட்ல எந்த ஃப்ளெக்ஸ் கடையிலயும் சேர்க்காம பண்ணிடுவாங்க மேடம். இதை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது."

"ஃபைல்ல தேதி இருக்குமே?" என்றான் பத்ரி பெருமையாக. பார்த்தான். பெருமை போயிற்று. "அக்கா, இந்த மாலையைப் போட்டப்ப தீபா எட்டாங்கிளாஸ் படிச்சிட்டிருந்திருக்காங்க."

"கடை கம்ப்யூட்டருக்கு உள் பேட்டரி போச்சு சார். எதைச் சேவ் பண்ணாலும் பழைய தேதிதான் விழும்."

கோகிலவாணி கையை நீட்டினாள். பத்ரி பென்டிரைவைக் கொடுத்தான். பழைய மாடல், மஞ்சள் பிளாஸ்டிக், தடித்த உடம்பு. ஜன்னல் பக்கம் போய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், புடவைத் தோளிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள்.

"பத்ரி, இதோட விலாவுல என்ன இருக்கு?"

"பூஜைச் சந்தனம். நடுவுல குங்குமம். கடையில எல்லாத்துக்கும் வச்சிருப்பாங்க. எங்க வீட்டுல ரிமோட்டுக்கும் வச்சாங்க, அன்னையிலேர்ந்து ஒரே சேனல்தான்."

"சந்தனத்துக்குக் கீழ?"

அவள் முதலில் கைப்பேசியில் நெருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு ஊக்கின் முனையால் காய்ந்த சந்தனத்தைச் சின்ன அப்பளம் போல அப்படியே பெயர்த்தாள். அடியில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் எறும்பின் தலையளவு ஒரு தள்ளுப் பொத்தான். பக்கத்தில் தேய்ந்துபோன ஒரு பூட்டுப் படம். பொத்தான் பூட்டின் பக்கம் நின்றது.

ஊக்கால் அதை மறுபக்கம் தள்ளினாள். செருகினாள். சேமித்தாள். சேமித்துக்கொண்டது.

பத்ரி, தான் ஊதிய ஊதல்களை எல்லாம் நினைத்துப் பார்த்தான். ஒரு நல்ல நாயனக்காரன் வீணாகிவிட்டதாகத் தோன்றியது.

"இப்ப யோசி" என்றாள் கோகிலவாணி. "பூஜைக்கு முன்னாடி துணியால அழுத்தித் துடைச்சிருக்காங்க. துடைச்சதுல பொத்தான் பூட்டுப் பக்கம் நகர்ந்திருக்கு. அது மேலயே சந்தனத்தை அப்பியிருக்காங்க. இப்ப பெயர்க்கிறப்ப சந்தனத்துல ஒரு கீறல் இல்ல, விரிசல் இல்ல. அப்ப பூஜைக்கு அப்புறம் யாராவது பொத்தானைத் தொட்டிருக்க முடியுமா?"

"முடியாது. அப்படின்னா... புதன்கிழமை பூஜையிலேர்ந்து இதுல யாருமே எழுத முடியாது. வெள்ளிக்கிழமை இவங்களால மாலை போட்டிருக்கவே முடியாது!" பத்ரி கையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சது. கீழ போய் டீ சொல்லட்டுமா?"

தீபாவின் முகத்தில் முதன்முறையாக ரத்தம் ஓடியது.

"சொல்லு" என்றாள் கோகிலவாணி. "ஆனா ஒண்ணு. வெள்ளிக்கிழமை போடலேன்னா பூஜைக்கு முன்னாடி போட்டிருக்கணும். அதுக்கு முன்னாடி கடைசியா இந்த ஃபைல்ல வேலை பார்த்தது யாரு?"

பத்ரி தீபாவைப் பார்த்தான். தீபா தரையைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம்" என்றாள்.

டீ சொல்லப்படவில்லை.

* * *

அஸ்தினாபுரத்தில் முனிரத்தினத்தின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவையே அடைத்துப் பந்தல். பந்தலுக்கு அடியில் வாழை மரங்கள். வாழை மரங்களுக்கு நடுவில், பேனர் கட்ட வேண்டிய இடத்தில், வெறும் சவுக்குக் கம்புகள்.

தீபா தன் ஸ்கூட்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டாள். "நான் வரல மேடம். என்னைப் பார்த்தா இன்னும் கத்துவாங்க."

வாசலில் முனிரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு காலத்தில் அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் இன்று வரிசையாகப் பதினாறு கடைகள். வாடகையை விட வாடகைக்காரர்களின் குடும்பச் சண்டைகளைத் தீர்த்து வைப்பதுதான் அவருக்குப் பெரிய வேலை. சொந்த வீட்டுச் சண்டை மட்டும் கைக்கு அடங்கவில்லை.

"நீங்கதான் துப்பறியறவங்களா? அதோ பாருங்க, பொணம் உக்காந்துகினு கீது."

பின்கட்டில், மடித்துப் போட்ட பேனரின் மேலேயே உட்கார்ந்திருந்தார் தயாளன். சிங்கப்பெருமாள் கோவிலில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நல்ல உடம்பு, நல்ல கறுப்பு, நல்ல கோபம். அவருடைய அக்கா பேபி, முனிரத்தினத்தின் மருமகள், குழந்தையின் அம்மா, பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய் காப்பியாவது குடிடா தயா."

"செத்தவனுக்கு இன்னாக்கா காப்பி? பதினாறாம் நாள் வச்சிக் கும்பிடு."

"டேய்!"

"பின்ன? எவனோ பேனரை ஃபோட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். எனக்கே ஃபோன் பண்ணி 'எப்ப எடுக்கறாங்க'ன்னு கேக்கறான். என் கடை ஆளு பூட்டுப் போட்டுட்டு வூட்டுக்குப் போய்ட்டான், ஓனர் பூட்டார்னு. ஒருத்தன்னா ஒருத்தனாவது 'தயாளா, நீ இருக்கியா'ன்னு கேட்டானா?"

"இருக்கீங்களான்னு உங்ககிட்டயே கேட்கக் கூச்சமா இருந்திருக்கும் சார்" என்றான் பத்ரி.

தயாளன் அவனை முறைத்தார். கோகிலவாணி குறுக்கே வந்தாள். "சார், கொஞ்சம் எந்திரிச்சா உங்களைப் பார்த்துக்கலாம்."

பேனரை விரித்தார்கள். நடுவில் பெரிய தயாளன், தும்பைப் பூவைப் போல வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மாலை ஒரு தோளில் ஏறி, மறுபக்கம் சரிந்து தொங்கியது. நேரில் இருந்த தயாளன் தன் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு நொடியில், கத்திய ஆள் போய், அக்காவின் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள ஒரு வாரமாகப் புதுவேட்டி எடுத்து வைத்திருந்த ஆள் தெரிந்தார். பத்ரிக்கு அடுத்த ஜோக் வாயிலேயே கரைந்துவிட்டது.

கோகிலவாணி தயாளனைப் பார்க்கவில்லை. பேனரின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்ரி, எல்லாரும் கீழ பார்த்தாங்க. மேல யாராவது பார்த்தாங்களா?"

மேலே அங்காளம்மன். அம்மன் கழுத்திலும் ரோஜா மாலை.

"சாமின்னா மாலை இருக்கத்தானே செய்யும் அக்கா?"

"அதனாலதான் யாரும் பார்க்கல. மாலையோட இடது பக்கத்தைப் பாரு. ஒரு ரோஜா உதிர்ந்து நார் தெரியுது. இப்ப மாமா மாலையைப் பாரு."

பத்ரி குனிந்தான். அதே இடத்தில் அதே ரோஜா உதிர்ந்து அதே நார்.

கோகிலவாணி கைப்பேசியை எடுத்தாள். "தீபா, அம்மனுக்கு ரோஜா மாலை நீ போட்டியா?"

ஸ்பீக்கரில் குழப்பம். "இல்லியே மேடம். அவங்க கொடுத்த படத்துல எலுமிச்சம்பழ மாலைதான். நான் அதுக்கு மேல எதுவும் சேர்க்கல."

ரோஜா மாலைக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

"ஆக, ஒரே ஆள், ஒரே மாலை, ரெண்டு இடம்" என்றாள் கோகிலவாணி. "விரோதியா இருந்தா மாமாவுக்கு நேரா, அழகா, கழுத்துல பொருந்தற மாதிரி போட்டிருப்பான். இங்க அம்மனுக்குத்தான் நேரா இருக்கு. மாமாவுக்கு எறிஞ்ச மாதிரி கோணலா இருக்கு. மாமாவைக் கொல்ல வந்தவன் சாமியும் கும்பிட்டுட்டா போவான்?"

முனிரத்தினம் பேனரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஆளு பக்திமான் மாதிரி கீதே" என்றார்.

"அதேதான் சார்" என்றாள் கோகிலவாணி, ஸ்கூட்டர் சாவியை எடுத்தபடி.

* * *

சிட்டிபாபுவின் கடையில் எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது. கதவுக்கு, கத்தரிக்கு, பிரிண்டருக்கு, சுவிட்ச் போர்டுக்கு. தண்ணீர் கேனுக்கும் இருந்தது. சிட்டிபாபுவின் நெற்றியில் மட்டும் அரை ரூபாய் அளவுக்கு. தீபாவைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"இந்தப் பொண்ணை ஏன் இட்டுகினு வந்தீங்க? பென்டிரைவைப் புதன்கிழமை பூஜையில வச்சதோட சரி. வெள்ளிக்கிழமை இவதான் எடுத்தா. நடுவுல யாரும் ஃபைலைத் தொடல மேடம். சாமி சத்தியமா."

"நம்பறேன்" என்றாள் கோகிலவாணி. "பூஜை எப்படிப் பண்ணீங்க? ரொம்ப லட்சணமா இருக்கு கடை."

சிட்டிபாபு குளிர்ந்தார். "நம்ப கடையில அதுல மட்டும் குறை வைக்கறதில்ல மேடம். ஒவ்வொண்ணையும் நானே தொடச்சி, சந்தனம், குங்குமம்."

"கம்ப்யூட்டர் ஸ்க்ரீனுக்கு?"

"ஐயோ, அதுக்கு வெக்கறதில்ல. போன வருசம் வச்சி கறை ஆயிப் பூச்சி. அப்பால தீபா பண்ண டிசைன்ல எல்லார் மூஞ்சிலயும் பொட்டு கீதுன்னு கஸ்டமர் பேஜார் பண்ணிட்டான்."

"அப்ப இந்த வருஷம் ஸ்க்ரீனுக்கு ஒண்ணும் வைக்கலையா?"

"வெக்காம எப்பிடி? உள்ளயே வச்சிட்டேன்."

பத்ரி ஸ்க்ரீனின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான்.

"உள்ளயேன்னா?" என்றாள் கோகிலவாணி மெதுவாக.

"ஸ்க்ரீனைப் போட்டேன். தீபா மூடாம வுட்டுட்டுப் போன டிசைன் அப்பிடியே கீது. ஸ்க்ரீன் முழுக்க அங்காளம்மா பெரிசா நின்னுகினு கீறாங்க. பூஜை அன்னிக்கி அவங்களை அப்பிடியே வுட மனசு வர்ல. நம்பகிட்டதான் மாலைப் படம் கீதே, அதை எடுத்துச் சாத்திட்டு, தீபா சொல்லிக் குடுத்த மாதிரி சேவ் பண்ணி, பென்டிரைவை உருவித் தொடச்சிப் பொட்டு வச்சேன்."

"சார்!" என்று அலறினாள் தீபா. "யாரும் ஃபைலைத் தொடலைன்னு சத்தியம் பண்ணீங்களே!"

சிட்டிபாபு நிஜமாகவே புரியாமல் எல்லாரையும் பார்த்தார். "நான் எங்கம்மா தொட்டேன்? அது எடிட்டா? அது பூஜை!"

பத்ரி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, பூஜை" என்றாள் கோகிலவாணி. "மாலை ஒரே தடவையில வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? மொத தபா அமுக்கினேன், ஒண்ணும் வர்ல. அப்பால மாலைப் படத்தை மவுஸால புடிச்சி இழுத்துகினு வந்து அம்மா கழுத்துல வுட்டேன். அம்சமா உக்காந்துச்சு."

"முதல் தடவை வராத மாலை எங்க போச்சு?"

"அதான் வர்லியே."

கோகிலவாணி நாற்காலியைத் தீபாவுக்குத் தள்ளினாள். தீபா ஃபைலைத் திறந்து, இரண்டு மாலைகளையும் எடுத்துவிட்டு, அம்மன் மட்டும் திரை முழுக்கத் தெரியும்படி பெரிதாக்கினாள். மாலையை நகலெடுத்து ஒட்டினாள். திரையில் எதுவும் வரவில்லை.

"பாத்தீங்களா? இப்பிடித்தான்" என்றார் சிட்டிபாபு.

"ஒட்டினா அது பக்கத்தோட நட்டநடுவுலதான் வந்து விழும் சார். நீங்க மேல அம்மனை மட்டும் பார்த்துட்டிருந்தீங்க" என்ற தீபா படத்தைச் சின்னதாக்கினாள். அம்மன் சுருங்கி உச்சிக்குப் போனாள். கீழே குழந்தை வந்தது, அத்தை சித்தப்பாக்கள் வந்தார்கள், நடுவில் தயாளன் வந்தார். அவர் தோளில் கோணலாக, ஒரு ரோஜா உதிர்ந்த மாலை.

"நடுவுலதான் வேணும்னு அடம்பிடிச்சது அவரே" என்றான் பத்ரி. "மாலை தானா தேடிப் போயிருக்கு."

சிட்டிபாபு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை இறங்கிக் குங்குமம் மூக்கில் வழிந்தது. தாழ்ந்த குரலில், "மேடம், வைரஸ்னு சொல்லிடலாமா? கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்து மாலை போட்டுச்சுன்னு. ஊர்ல என் பேரு கெட்டுப் பூடும்" என்றார்.

"சொல்லலாம். தயாளன் தலையாட்டுவார். ஆனா மனசுக்குள்ள அந்த வைரஸுக்குத் தீபான்னுதான் பேர் வச்சுக்குவார்."

சிட்டிபாபு தீபாவைப் பார்த்தார். தீபா அவரைப் பார்க்காமல், பழைய கீபோர்டின் அழிந்துபோன எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் இருந்த எல்லாப் பொருளுக்கும் அவர் பொட்டு வைத்திருந்தார். அவற்றை வைத்து வேலை செய்தவளைத்தான் வெளியே அனுப்பியிருந்தார். அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். அதிலும் பொட்டு இருந்தது.

* * *

பேனருக்கு முன்னால் நின்று சிட்டிபாபு எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, பின்கட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். சொல்லிவிட்டுக் கைகூப்பினார். "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் கையி. இன்னா வேணா திட்டுங்க."

தயாளன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். பத்ரி ஒரு அடி பின்னால் போனான். துப்பறியும் தொழிலில் அவன் முறையாகப் பயின்ற ஒரே கலை அது.

"இருடா" என்றாள் பேபி. "சிட்டிபாபு அண்ணா, அது யாருக்குன்னு எடுத்த மாலை?"

"அம்மாவுக்குத்தான். மொத மாலை."

"பூஜை அன்னிக்கி, அங்காளம்மாவுக்குன்னு எடுத்த மொத மாலை" என்று பேபி தம்பியிடம் திரும்பினாள். "கோயில்ல சாமி மேல இருந்து எடுத்து உன் கழுத்துல போட்டா இன்னா பண்ணுவ?"

"குனிஞ்சி வாங்கிப்பான்" என்றார் முனிரத்தினம். "ஆடித் திருவிழால முதல் மாலை யாருக்குன்னு நாங்க பங்காளிங்க வருசா வருசம் மண்டைய உடைச்சிக்கறோம். இவனுக்கு அதுவா வந்து விழுந்துகீது. குத்துக்கல்லு மாதிரி உக்காந்துகினு வேணாங்கறான்!"

தயாளன் பேனரைப் பார்த்தார். மேலே அம்மனைப் பார்த்தார். கோணலாகத் தொங்கிய மாலையைப் பார்த்தார். அவர் மடித்துவிட்ட சட்டைக் கை தானாக இறங்கியது.

"நார் கொஞ்சம் தெரியுது" என்றார் கடைசியில். "பரவால்ல. டேய், பேனரை எடுத்துக் கட்டுங்கடா. யாராவது கேட்டா அம்மா போட்ட மாலைன்னு சொல்லுங்க." பிறகு, "அந்தப் பொண்ணு எங்க?"

தீபா தெருமுனையில், ஸ்கூட்டியின் மேல் சாய்ந்து நின்றாள். தயாளன் செருப்புகூடப் போடாமல் வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போனார். எல்லாரும் பின்னால் போனார்கள்.

"தப்பா பேசிட்டேம்மா" என்றார். "நாளைக்குக் காதுகுத்துக்கு வந்துடு. பாப்பா என் மடியிலதான் உக்காரப் போறா. நீ வந்து பாக்கணும்."

தீபா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். சிட்டிபாபு ஹெல்மெட்டைக் கையில் உருட்டியபடி முன்னால் வந்தார்.

"திங்கக்கிழமை கடைக்கு வந்துடும்மா."

"வரேன் சார். வந்து முதல் வேலையா கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் போடுவேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா." சிட்டிபாபு கொஞ்சம் தயங்கினார். "அப்ப அடுத்த வருசம் பூஜைக்கி?"

"மாலையை வாங்கிட்டு வந்து," என்றாள் தீபா, அழுகையும் சிரிப்புமாக ஸ்கூட்டியைக் கிளப்பியபடி, "ஸ்க்ரீனுக்கு வெளியில போடுங்க சார்."